சிலிண்டர் பவருக்குக் காண்டாக்ட் லென்ஸ்: தொல்லையைக் கொண்டு காரணத்தைக் கண்டறியும் வழி

"சிலிண்டர் பவர் இருந்தால் காண்டாக்ட் லென்ஸ் ஒத்துவராது" என்ற பேச்சு தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் திருவாரூரிலும் இன்றும் உலவுகிறது. கண் பரிசோதனை அறையில் இதைக் கேட்காமல் எனக்கு ஒரு வாரம் கழிவதில்லை. லென்ஸ் போட்டுப் பார்த்துவிட்டு ஒதுக்கி வைத்தவர்களிடம் "தெரியவில்லை என்றால் எப்படித் தெரியவில்லை?" என்று கேட்டால், ஒருவர் நாள் முழுவதும் ஒரே அளவு மங்கல் என்பார், இன்னொருவர் இமைத்தால் தெளிகிறது, பிறகு மங்குகிறது என்பார், வேறொருவர் பொழுது சாய்ந்தால்தான் தொல்லை என்பார். மூன்றுக்கும் காரணம் வேறு, தீர்வும் வேறு. பெரும்பாலான சிலிண்டர் பவருக்கு லென்ஸ் நன்றாகவே பொருந்தும். பொருந்தாதபோது தவறு எங்கே என்பதைத் தொல்லையின் தன்மையே காட்டிக்கொடுத்துவிடும். அதைக் கவனித்துச் சொல்லத் தெரிந்தவருக்கு லென்ஸ் அமைவது எளிது.

தொடங்குமுன் அறிய வேண்டியவை

கருவிழியின் முன்பக்கம் எல்லாத் திசையிலும் ஒரே வளைவோடு இருந்தால் ஒளி ஒரு புள்ளியில் குவியும். சிலிண்டர் பவர் உள்ள கண்ணில் அது தவிலின் உடலைப் போல இருக்கிறது: சுற்றுவாட்டில் வளைவு அதிகம், நீளவாட்டில் குறைவு. அதனால் ஒரு திசைக் கோடுகள் ஓரிடத்திலும், அவற்றுக்குக் குறுக்கான கோடுகள் வேறோரிடத்திலும் குவிகின்றன. கண்ணாடிக்காக வந்த திருபுவனத்துப் பட்டு நெசவாளர் ஒருவர், பாவு இழையை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க முடிகிறது என்றும், ஊடை இழைகள் மட்டும் ஒன்றோடொன்று ஒட்டித் தெரிகின்றன என்றும் சொன்னார். இதைவிடத் தெளிவாக இக்குறையை விளக்க முடியாது.

கண்ணாடிச் சீட்டில் ஸ்பியர், சிலிண்டர், ஆக்சிஸ் என்று மூன்று எண்கள் இருக்கும். ஸ்பியர் என்பது எல்லாத் திசைக்கும் பொதுவான பவர். சிலிண்டர் என்பது இரு திசைகளின் பவருக்கு இடையிலுள்ள வேறுபாடு. ஆக்சிஸ் என்பது அந்தத் திருத்தம் எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்பதை 1 முதல் 180 வரையிலான பாகையில் சொல்வது. கண்ணாடிச் சட்டம் மூக்கின் மேல் நிலையாக நிற்பதால் அங்கே கோணம் மாறுவதில்லை. காண்டாக்ட் லென்ஸோ கண்ணீர்ப் படலத்தின் மேல் மிதப்பது. ஒவ்வொரு இமைப்பிலும் நகர்வது. ஆகவே சிலிண்டருக்கென்று செய்யப்படும் டோரிக் லென்ஸின் கீழ்ப்பகுதியைத் தடிப்பாக்கியோ, மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் மெலிதாக்கியோ, இமைகளின் அழுத்தமே அதைச் சரியான நிலைக்குக் கொண்டுவரும்படி வடிவமைக்கிறார்கள்.

அந்த நிலை தவறினால் என்ன இழப்பு என்பதற்குத் திட்டமான கணக்கு உண்டு. லென்ஸ் 5 பாகை சுழன்றால் சிலிண்டரில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு திருத்தப்படாமல் மிஞ்சும். 10 பாகை சுழன்றால் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் மிஞ்சும். 30 பாகை சுழன்றுவிட்டால், சிலிண்டரைப் பொறுத்தவரை அந்த லென்ஸைப் போட்டும் போடாததற்குச் சமம். சிலிண்டர் 0.75 ஆக இருப்பவருக்கு 10 பாகைப் பிழை தெரியாமலே போகலாம். 2.25 உள்ளவருக்கு அதே பிழை 0.75க்கு மேல் மங்கலைக் கொடுக்கும். பேருந்தின் பெயர்ப்பலகையைப் படிக்க முடியாமல் போவதற்கு அது போதும்.

எந்தத் தொல்லையானாலும் முதலில் ஒரு கண்ணை உள்ளங்கையால் அழுத்தாமல் மூடி, சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டியின் எழுத்துகளை மற்றக் கண்ணால் மட்டும் பார்க்க வேண்டும். பிறகு கண்ணை மாற்றிப் பார்க்க வேண்டும். இரண்டு கண்களும் சேர்ந்து பார்க்கும்போது நல்ல கண் மங்கலான கண்ணின் குறையை மறைத்துவிடும். அடுத்து, தடித்த அட்டையில் ஊசியால் ஒரு சிறு துளையிட்டு, லென்ஸ் அணிந்தபடியே அதன் வழியாகப் பார்க்க வேண்டும். துளை வழியே எழுத்து தெளிந்தால் குறை பவரிலோ லென்ஸ் நிற்கும் கோணத்திலோ இருக்கிறது. துளை வழியாகவும் தெளியவில்லை என்றால் லென்ஸ் மேல் படிந்த அழுக்கு, வறட்சி, அல்லது கண்ணுக்குள்ளேயே இருக்கும் வேறொரு காரணம் என்ற பக்கம் எண்ணத்தைத் திருப்ப வேண்டும்.

பார்த்ததை எழுதி வையுங்கள்: எந்தக் கண், எத்தனை மணிக்கு, இமைப்புக்கு முன்பா பின்பா, தூரத்திலா கிட்டத்திலா. 1798 முதல் 1832 வரை தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்தில், கண் நோயாளிகளின் நிலையைக் கண்ணின் வரைபடத்தோடு ஏட்டில் பதிந்து வைத்தார்கள். அந்தக் குறிப்புகள் சரஸ்வதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. அப்படிப்பட்ட ஊரில், "என்னவோ சரியில்லை" என்ற ஒற்றை வரியோடு நோயாளி வருவதும், அதை மேலும் கிளறாமல் பரிசோதகர் வேறு லென்ஸைக் கையில் கொடுப்பதும் எனக்கு மிகுந்த வருத்தம் தருகின்றன.

போட்ட நாள் முதல் எப்போதும் ஒரே அளவு மங்கல்

இமைத்தாலும் மாறவில்லை, காலையிலும் மாலையிலும் மாறவில்லை என்றால் இது நிலையான பிழை. எளிய காரணங்களை முதலில் நீக்கிவிட வேண்டும். வலக்கண் லென்ஸ் இடக்கண்ணுக்குப் போயிருக்கலாம். சாதாரண லென்ஸில் இரு கண்களுக்கும் பவர் நெருங்கி இருந்தால் இந்த மாற்றம் தெரியாது. டோரிக் லென்ஸில் ஒரு கண்ணின் ஆக்சிஸ் 20, மறு கண்ணின் ஆக்சிஸ் 160 என்று இருப்பது சாதாரணம் என்பதால் இரண்டு கண்களும் ஒருசேர மங்கிவிடும். லென்ஸ் உட்புறம் வெளிப்புறமாகத் திரும்பியும் இருக்கலாம். விரல் நுனியில் வைத்துப் பக்கவாட்டில் பார்க்கும்போது விளிம்பு மேல்நோக்கிச் சீராக நின்றால் சரி. வெளிப்பக்கம் விரிந்து மடிந்து நின்றால் திருப்ப வேண்டும். திரும்பிய லென்ஸ் உறுத்துவதோடு, அதன் ஆக்சிஸும் எதிர்ப்பக்கமாக மாறிவிடும்.

இவை இரண்டும் இல்லையென்றால் பெட்டியில் அச்சிட்ட எண்ணையும் கண்ணாடிச் சீட்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். பெட்டியில் சிலிண்டர், ஆக்சிஸ் என்ற எண்களே இல்லையா? அப்படியானால் உங்களுக்குத் தரப்பட்டது டோரிக் லென்ஸ் அன்று. சிலிண்டரில் பாதியை ஸ்பியரோடு சேர்த்து, −2.00 உடன் −1.50 சிலிண்டர் உள்ளவருக்கு −2.75 சாதாரண லென்ஸ் கொடுப்பது ஒரு வழக்கம். சிலிண்டர் 0.50 அளவில் இருக்கும்போது இந்த ஏற்பாடு தாங்கும், 0.75இல் சிலருக்குத் தாங்கும், சிலருக்குத் தாங்காது. 1.50 உள்ளவருக்கு அப்படிக் கொடுத்துவிட்டு "பழகப் பழகச் சரியாகிவிடும்" என்று அனுப்புவதை என்னால் ஏற்க முடியாது. மூளை பழகிக்கொள்ளலாம், எழுத்தின் விளிம்பு கூர்மை பெறாது.

சிலிண்டர் குறிப்பிடப்பட்டிருந்தும் மங்கல் என்றால் இரண்டு கணக்குகளைச் சரிபார்க்க வேண்டும். முதலாவது, கூட்டல் குறியோடு எழுதப்பட்ட சீட்டு. சில மருத்துவர்கள் சிலிண்டரைக் கூட்டல் குறியில் எழுதுவார்கள். மென்மையான டோரிக் லென்ஸ் பெட்டிகளில் அது கழித்தல் குறியில்தான் இருக்கும். −1.00 ஸ்பியர், +1.50 சிலிண்டர், ஆக்சிஸ் 180 என்ற சீட்டைக் கழித்தலுக்கு மாற்றினால் +0.50 ஸ்பியர், −1.50 சிலிண்டர், ஆக்சிஸ் 90 என்று வரும். ஸ்பியர், குறி, ஆக்சிஸ் மூன்றும் சேர்ந்தே மாற வேண்டும். ஆக்சிஸை மாற்றாமல் விட்டுவிட்டால், திருத்த வேண்டிய திசைக்கு நேர் குறுக்கே லென்ஸின் சிலிண்டர் நிற்கும். மங்கல் குறைவதற்கு மாறாகக் கூடிவிடும்.

இரண்டாவது கணக்கு, அதிகப் பவர் உள்ளவர்களுக்கானது. கண்ணாடி கண்ணிலிருந்து ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறது. லென்ஸ் கண்ணின் மேலேயே அமர்கிறது. இந்த இடைவெளி 4 டயாப்டர் (பவரின் அலகு) வரை பொருட்படுத்தத் தக்கதன்று. அதற்கு மேல் கழித்தல் பவரைக் குறைத்துக் கணக்கிட வேண்டும், அதுவும் இரு திசைகளுக்கும் தனித்தனியாக. கண்ணாடியில் −6.00 உடன் −2.00 சிலிண்டர் என்றால் ஒரு திசையில் −6.00, மறு திசையில் −8.00 என்று பொருள். கண்ணின் மேல் இவை −5.60 ஆகவும் −7.30 ஆகவும் சுருங்குகின்றன. எனவே தேவைப்படும் சிலிண்டர் −2.00 அன்று, −1.70, கிடைக்கும் அளவுகளில் −1.75 அதற்குப் பொருந்தும். ஸ்பியரை மட்டும் குறைத்துவிட்டுச் சிலிண்டரை அப்படியே விட்டுவிடுவது நான் அடிக்கடி காணும் பிழை. மென்மையான டோரிக் லென்ஸ்கள் பெரும்பாலும் 0.75, 1.25, 1.75, 2.25 என்ற படிகளிலும், ஆக்சிஸ் 10 பாகைப் படிகளிலும்தான் வருகின்றன என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஆக்சிஸ் 175 உள்ளவருக்கு 170 அல்லது 180 கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. அந்த 5 பாகை வேறுபாட்டைக் குறைந்த சிலிண்டர் உள்ளவர்கள் உணர்வதில்லை.

எண்கள் எல்லாம் சரி, ஆனாலும் மங்கல் என்றால் லென்ஸ் சுழன்ற நிலையில் நின்றுவிட்டது. இதை வீட்டில் கண்டுபிடிக்க முடியாது. கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லாம்ப் கருவியில் பார்க்க வேண்டும். டோரிக் லென்ஸில் 6 மணித் திசையிலோ, 3 மணி, 9 மணித் திசைகளிலோ நுண்ணிய கோடு அல்லது புள்ளி பொறித்திருப்பார்கள். லென்ஸ் போட்டுப் பதினைந்து நிமிடமாவது கழித்து, அது அடங்கி நின்ற பிறகே அந்தக் குறியைப் பார்க்க வேண்டும். பரிசோதகர் எதிரே அமர்ந்து பார்க்கும்போது அடிக்குறி அவருடைய இடப்பக்கம் நகர்ந்திருந்தால், நகர்ந்த பாகையை ஆக்சிஸோடு கூட்ட வேண்டும். வலப்பக்கம் நகர்ந்திருந்தால் கழிக்க வேண்டும். ஆக்சிஸ் 20 உள்ளவரின் லென்ஸ் இடப்பக்கம் 10 பாகை நகர்ந்து நிற்குமானால், அவருக்கு ஆக்சிஸ் 30 உள்ள லென்ஸை வரவழைக்க வேண்டும். அதுவும் அதே 10 பாகை நகர்ந்து, வேண்டிய 20இல் வந்து நிற்கும். இப்படித் திருத்தி வந்த பெட்டியின் எண் கண்ணாடிச் சீட்டோடு ஒத்துப்போகாது. தவறான லென்ஸ் வந்துவிட்டதாக எண்ணி அதைத் திருப்பித் தருபவர்கள் உண்டு. கொடுக்கும்போதே இதைச் சொல்லிவிடுவது பரிசோதகரின் கடமை.

பவர் தவறா, கோணம் தவறா என்பதைப் பிரித்தறிய இன்னொரு வழியும் உண்டு. லென்ஸ் அணிந்த கண்ணுக்கு மேல் பவர் சோதிக்கும்போது +0.50 ஸ்பியருடன் −1.00 சிலிண்டர் என்பதுபோல், சிலிண்டர் ஸ்பியரின் இருமடங்காகவும் எதிர்க்குறியாகவும் வந்தால், லென்ஸின் பவர் சரி, அது நிற்கும் கோணம்தான் தவறு. இந்தச் சோதனைக்குச் சில நிமிடங்களே ஆகும். இதைச் செய்யாமல் பவரைக் கூட்டிக்கொண்டே போவதால்தான் நாலைந்து லென்ஸ் மாற்றியும் தெளிவு கிடைக்காமல் பலர் விலகிவிடுகிறார்கள்.

தெளிவும் மங்கலும் மாறி மாறி வருதல்

இங்கே இமைப்பு ஒன்றையே கவனித்தால் போதும். இமைத்தவுடன் மங்கி, ஓரிரு நொடியில் தெளிந்தால், லென்ஸ் தளர்வாக இருக்கிறது. ஒவ்வொரு இமைப்பும் அதை நகர்த்திச் சுழற்றிவிடுகிறது. மாறாக, இமைத்த கணத்தில் தெளிந்து, பிறகு மங்கினால், லென்ஸ் இறுக்கமாக இருக்கலாம், அல்லது அதன் மேற்பரப்பு காய்ந்திருக்கலாம். இந்த இரண்டையும் ஒன்றாகக் கருதிச் சொட்டு மருந்து எழுதிக் கொடுப்பது பயன் தராது.

மேலே சொன்ன கூட்டல் கழித்தல் முறை, லென்ஸ் எப்போதும் ஒரே கோணத்தில் சுழன்று நிற்கும்போது மட்டுமே செல்லும். ஒருமுறை 10 பாகை, மறுமுறை 25 பாகை என்று அலையும் லென்ஸுக்கு ஆக்சிஸை மாற்றுவது வீண். வேறு வளைவு, வேறு விட்டம், அல்லது வேறு வகையில் நிலைநிறுத்தப்பட்ட லென்ஸ் வேண்டும். கீழ்ப்பகுதி தடித்த வகையில் அலைபவருக்கு, மேலும் கீழும் மெலிந்த வகை அடங்கி நிற்கலாம். அதற்கு எதிராகவும் நடக்கும். ஆக்சிஸ் 180ஐயோ 90ஐயோ ஒட்டி இல்லாமல் 45, 135 என்று சாய்வாக இருப்பவர்களுக்கும், இமை இறுக்கமாக இருப்பவர்களுக்கும் இந்த அலைச்சல் அதிகம். இவர்களுக்கு முதல் லென்ஸே அமைந்துவிடும் என்று உறுதி சொல்லக் கூடாது.

படுத்துக்கொண்டு தொலைக்காட்சி பார்க்கும்போது மட்டும் மங்குகிறதா? ஒருக்களித்துப் படுக்கும்போது கீழ்த்தடிப்புள்ள லென்ஸ் சற்றுச் சுழல்வது இயல்பு. எழுந்து உட்கார்ந்து நாலைந்து முறை இமைத்தால் தெளிந்துவிடும். இதற்காக லென்ஸை மாற்ற வேண்டாம். இரு சக்கர வண்டியில் காற்று முகத்தில் அடிக்கும்போது மங்கினால், தலைக்கவசத்தின் முகமூடியை இறக்கிவிட்டு ஓட்டிப் பார்த்து, அப்போதும் மங்குகிறதா என்று குறித்துக்கொண்டு வர வேண்டும்.

காலையில் தெளிவு, பொழுது சாயச் சாய மங்கல்

இது பெரும்பாலும் பவர்க் குறையன்று, வறட்சியும் படிவும். மென்மையான லென்ஸ் நீரைத் தன்னுள் வைத்திருப்பது. கண்ணீர் குறைந்தால் அது சுருங்கி இறுகுகிறது, மேற்பரப்பு காய்கிறது, டோரிக் லென்ஸ் சுழன்று தன் நிலைக்கு வருவதும் தடைப்படுகிறது. கைப்பேசியையும் கணினியையும் பார்க்கும்போது இமைப்பு வெகுவாகக் குறைந்துவிடுகிறது. அதோடு தலைக்கு நேர் மேலே சுழலும் மின்விசிறி, கத்திரி வெயிலில் மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூருக்கு ஜன்னலோரத்தில் அமர்ந்து வரும் பேருந்துப் பயணம், தை மாதத்துச் சம்பா அறுவடையின்போது எந்திரம் கிளப்பும் வைக்கோல் தூசி ஆகியவற்றைச் சேர்த்துக்கொண்டால், மாலையில் கண் எரிவதில் வியப்பில்லை. களத்தில் நிற்கும் நாள்களில் லென்ஸை விடுத்துக் கண்ணாடி அணிவதே நல்லது. கண்ணாடி தூசியைத் தடுக்கும். லென்ஸ் தூசியைத் தனக்கடியில் பிடித்து வைத்துக்கொள்ளும்.

படிவுக்கு நம் வீட்டு வழக்கங்களிலும் சில காரணங்கள் உள்ளன. எண்ணெய் தேய்த்துக் குளித்த கையில் பசை எளிதில் போவதில்லை. அந்தக் கையால் எடுத்த லென்ஸில் ஒரு மூடுபனி படிந்து நாள் முழுவதும் நிற்கும். எண்ணெய்க் குளியல் நாளில் லென்ஸைத் தவிர்த்துவிடலாம். திருநீறும் குங்குமமும் இட்டுக்கொள்பவர்கள் முதலில் லென்ஸை அணிந்துவிட்டுப் பிறகு இட்டுக்கொள்ள வேண்டும். நெற்றியிலிருந்து உதிரும் துகள் லென்ஸுக்கு அடியில் சிக்கினால் கருவிழியில் கீறல் விழும். கண் மையை இமை விளிம்பின் உட்புறத்தில் தீட்டக் கூடாது.

மாத லென்ஸ் அணிபவர்கள், கரைசலில் ஊறப் போட்டால் போதும் என்று எண்ணாமல், உள்ளங்கையில் வைத்து இரு பக்கமும் விரலால் மெதுவாகத் தேய்த்துக் கரைசலால் அலசிய பிறகே டப்பாவில் இட வேண்டும். டப்பாவில் மிஞ்சிய பழைய கரைசலின் மேல் புதியதை ஊற்றுவது கிருமியை வளர்க்கும். டப்பாவை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். இவ்வளவும் செய்தும் மாலை மங்கல் நீங்காதவர்கள், அன்றன்று அணிந்து எறியும் டோரிக் லென்ஸுக்கு மாறினால் பெரும்பாலும் குணம் தெரியும். செலவு கூடும் என்பது உண்மை. வேலைக்குப் போகும் நாள்களில் கண்ணாடியும் விழா நாள்களில் இந்த லென்ஸுமாகப் பிரித்துக்கொள்பவர்களுக்கு அது கட்டுப்படியாகிறது. வறட்சிக்கான சொட்டு மருந்து, லென்ஸோடு பயன்படுத்தத் தக்கது என்று குறிப்பிடப்பட்டதாக இருக்க வேண்டும். சிவப்பைப் போக்கும் சொட்டுகளை லென்ஸ் மேல் விடக் கூடாது.

ஒரே கண்ணில் இரட்டை விளிம்பு, விளக்கைச் சுற்றி வால் போன்ற ஒளி

மறு கண்ணை மூடிய பிறகும் எழுத்துக்குக் கீழே நிழல் போல இன்னொரு எழுத்து தெரிந்தால், முதலில் லென்ஸ் சுழற்சியைச் சோதிக்க வேண்டும். அது சரியாக இருந்தும் நிழல் நீங்கவில்லை என்றால், கெரட்டோகோனஸ் என்னும் கூம்புக் கருவிழி நோயை நினைக்க வேண்டும். பள்ளிப் பருவத்தின் பிற்பகுதியிலோ கல்லூரி வயதிலோ சிலிண்டர் ஆண்டுதோறும் ஏறுவது, ஆக்சிஸ் இடம் மாறுவது, கண்ணாடி போட்டும் கடைசி வரியைப் படிக்க முடியாதது, கண்ணைக் கசக்கும் பழக்கம் ஆகியவை சேர்ந்து வந்தால் கருவிழியின் வளைவை வரைபடமாக எடுக்கும் டோப்போகிராபி பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. சிறு வயதில் ஒவ்வாமையால் கண் அரித்து, நாளெல்லாம் கசக்கிக்கொண்டே இருக்கும் பிள்ளைகளைப் பெற்றோர் கண்டிப்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். அரிப்புக்கு மருந்திட்டால்தான் கசக்குவது நிற்கும். கசக்குவது இந்த நோயை முடுக்கிவிடும் என்பதால் இதை வலியுறுத்திச் சொல்கிறேன்.

இந்த நோயில் கருவிழியின் வளைவு ஒழுங்கற்றுப் போகிறது. மென்மையான டோரிக் லென்ஸ் கருவிழியின் வடிவத்தைத் தானும் ஏற்றுக்கொள்வதால் அந்த ஒழுங்கின்மையை மறைக்காது. ஆக்சிஜனை ஊடுருவவிடும் கெட்டியான ஆர்ஜிபி லென்ஸோ, வெள்ளைவிழி மேல் அமரும் ஸ்கிளீரல் லென்ஸோதான் வேண்டும். நோய் வளர்வதைத் தடுக்க, ரைபோஃபிளேவின் சொட்டும் புற ஊதாக் கதிரும் கொண்டு கருவிழியை உறுதிப்படுத்தும் சி3ஆர் சிகிச்சை உள்ளது. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் உருவான இம்முறையின் தொடக்க முடிவுகள் 2003இல் வெளியாயின. இது நோயை நிறுத்தி வைப்பது, பவரைப் போக்குவதன்று. சிகிச்சை முடிந்த பின்னும் பார்வைக்கு லென்ஸ் தேவைப்படும் என்பதை முன்பே அறிந்திருந்தால் பிறகு ஏமாற்றம் இராது.

கெட்டியான லென்ஸ் போட்டும் சிலிண்டர் மிஞ்சுதல்

ஆர்ஜிபி லென்ஸ் சிலிண்டரைத் திருத்தும் முறை வேறு. லென்ஸுக்கும் கருவிழிக்கும் இடையில் தேங்கும் கண்ணீர், கருவிழியின் மேடு பள்ளத்தை நிரப்பிவிடுகிறது. கண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.336, கருவிழியினுடையது 1.376, இரண்டும் நெருங்கி இருப்பதால் கருவிழி முன்பக்கச் சிலிண்டரில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு மறைந்துபோகிறது. லென்ஸ் சுழன்றாலும் கவலையில்லை.

ஆனால் சிலிண்டர் கருவிழியில் இல்லாமல், கண்ணுக்குள் இருக்கும் இயற்கை லென்ஸில் இருந்தால் இந்த வழி பயன்படாது. 1801இல் தாமஸ் யங் என்ற ஆங்கில அறிஞர் தம் கண்ணை நீருக்குள் வைத்துக் கருவிழியின் பவரை நீக்கிப் பார்த்தார். அப்போதும் அவருடைய குறை மாறாமல் நின்றதால், அது கருவிழியில் இல்லை, உள்ளே இருக்கிறது என்று கண்டார். உங்களுக்கு அந்த நிலையா என்பதை அறிய நீர் வேண்டியதில்லை. கருவிழியின் வளைவை அளக்கும் கெரட்டோமீட்டரில் வரும் கருவிழிச் சிலிண்டரையும் கண்ணாடிச் சீட்டின் சிலிண்டரையும் ஒப்பிட்டால் போதும். இரண்டும் நெருங்கி இருந்தால் ஆர்ஜிபி பொருந்தும். கெரட்டோமீட்டரில் சிலிண்டர் ஏதும் இல்லை, சீட்டில் மட்டும் 1.50 இருக்கிறது என்றால் மென்மையான டோரிக்தான் வழி. கருவிழிச் சிலிண்டர் 2.50க்கு மேல் போனால், சாதாரண ஆர்ஜிபி ஒரு பக்கம் ஊன்றி ஆடும்; உட்புறத்திலும் இரு வளைவு கொண்ட லென்ஸைச் செய்து வாங்க வேண்டும்.

தூரம் தெளிவு, கிட்டத்தில் மட்டும் தொல்லை

கழித்தல் பவர் உள்ளவர்கள் கண்ணாடியிலிருந்து லென்ஸுக்கு மாறும்போது, கிட்டத்தில் படிக்கக் கண் முன்பைவிட அதிகமாக உழைக்க வேண்டியிருக்கும். நாற்பது வயதை நெருங்குபவருக்கு இதனால் வெள்ளெழுத்து முன்கூட்டியே வந்ததுபோல் தோன்றும். லென்ஸின் மேல் அணியப் படிக்கும் கண்ணாடி ஒன்று போதும். இளையவருக்கு இந்தத் தொல்லை இருந்தால், குனிந்து பார்க்கும்போது லென்ஸ் சுழல்கிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும்.

சிவப்பு, வலி, வெளிச்சம் பட்டால் கூச்சம்

மேலே சொன்ன தொல்லைகளுக்கு நாள் பார்த்துப் பரிசோதனைக்குப் போகலாம். இதற்கு அன்றே போக வேண்டும். லென்ஸைக் கழற்றியதும் வலி அடங்கி, சிவப்பு தணிந்தால் லென்ஸில் கிழிசலோ தூசியோ இருந்திருக்கலாம். கழற்றிய பிறகும் வலி கூடினாலும், கூச்சம் இருந்தாலும், கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தாலும், அது கருவிழிப் புண் என்றே கொண்டு கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும். லென்ஸையும் டப்பாவையும் எறியாமல் எடுத்துச் செல்ல வேண்டும், அவற்றிலிருந்து கிருமியைக் கண்டறிய முடியும்.

நெல் விளையும் மண்ணில் இந்த எச்சரிக்கைக்குக் கூடுதல் காரணம் உண்டு. நெற்பயிரின் தாளோ, பதரோ, கரும்புத் தோகையோ கண்ணில் பட்டால் பூஞ்சைப் புண் வரக்கூடும்; தமிழகத்தின் வேளாண் பகுதிகளில் கருவிழிப் புண்ணுக்குப் பூஞ்சை முக்கியக் காரணங்களுள் ஒன்று. அதற்குப் பாக்டீரியாவுக்கான மருந்து பலிக்காது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு சொட்டு, சிவப்பைத் தணித்துக் குணமாவதுபோல் காட்டி, உள்ளே புண்ணை ஆழமாக்கிவிடும். தாய்ப்பால் விடுவதும் நந்தியாவட்டைப் பூச்சாறு பிழிவதும் அன்பினால் செய்யப்படுபவை என்பதை அறிவேன். கருவிழியில் புண் இருக்கும்போது அவை கிருமியையும் உடன் கொண்டுவரும்.

நீரும் அவ்வாறே. ஆற்று நீர், குளத்து நீர், ஆழ்துளைக் கிணற்று நீர், வீட்டுக் குழாய் நீர் எல்லாவற்றிலும் அகாந்தமீபா என்ற நுண்ணுயிர் இருக்கக்கூடும். அது லென்ஸில் ஒட்டிக் கருவிழியைத் துளைத்தால் மாதக் கணக்கில் மருந்திட வேண்டிவரும். ஆடிப்பெருக்கு அன்று காவிரியில் முழுகுமுன் லென்ஸைக் கழற்றி வைத்துவிடுங்கள். லென்ஸையும் டப்பாவையும் குடிநீரால்கூட அலசக் கூடாது. கையைச் சோப்பால் கழுவியபின் நன்றாகத் துடைத்து உலர்த்தியே லென்ஸைத் தொட வேண்டும்.

வலியே இல்லாமல் கருவிழியின் கீழ் விளிம்பில் மட்டும் சிவப்பு நிரந்தரமாக நிற்பது வேறு வகை. டோரிக் லென்ஸின் தடித்த கீழ்ப்பகுதி வழியாக ஆக்சிஜன் குறைவாகப் போவதால், அங்கே இரத்த நாளங்கள் கருவிழிக்குள் வளரத் தொடங்கும். பழைய வகை ஹைட்ரோஜெல் லென்ஸிலிருந்து, ஆக்சிஜனை அதிகம் விடும் சிலிக்கோன் ஹைட்ரோஜெல்லுக்கு மாறி, அணியும் நேரத்தைக் குறைத்து, லென்ஸோடு தூங்குவதை அறவே நிறுத்தினால் இது பெரும்பாலும் மேலும் வளராது.

கருவிழிப் புண் வந்து ஆறியவர்கள், மருத்துவர் அனுமதித்த பிறகு மீண்டும் லென்ஸ் அணியலாம். பழைய லென்ஸையும் டப்பாவையும் திறந்த கரைசல் புட்டியையும் எறிந்துவிட வேண்டும். பழைய பெட்டியின் எண்ணைச் சொல்லிப் புதிய லென்ஸை வரவழைக்கக் கூடாது. ஆறிய தழும்பு சிலிண்டரின் அளவையும் ஆக்சிஸையும் மாற்றியிருக்கும் என்பதால், கெரட்டோமீட்டரிலிருந்து எல்லா அளவையும் புதிதாக எடுக்கச் சொல்ல வேண்டும்.